விக்கிப்பீடியாவில் யார் சொல் எடுபடும்? வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வன்னியிலிருந்து அண்மையில் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தமையால், தமிழ் விக்கிப்பீடியாவின் விதிகளையும் ஆளுகையையும் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். பெயரை வெளியிட வேண்டாம் எனச் சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊர்ப்பெயரை மட்டுமே தந்திருக்கிறோம்.

ஒட்டுசுட்டான் வாசகர்: ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் பற்றிய கட்டுரையில், அவன் கற்சிலைமடுவில் வீரமரணம் அடைந்ததாக எங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தியைச் சேர்த்தேன். சிறிது நேரத்திலேயே ‘சான்றில்லை’ என்று நீக்கிவிட்டார்கள். நான் மீண்டும் சேர்க்க, அவர்கள் மீண்டும் நீக்க, கடைசியில் எனக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. அங்கே நினைவுக்கல்லே நிற்கும்போது வேறு என்ன சான்று வேண்டும்? எங்கள் ஊர்க் கதையை எங்களைவிட யார் அறிவார்?

கல் சான்றுதான், ஆனால் அதில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டுமே சான்று. இவ்விடத்துக்கு அருகே கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31ஆந் திகதி பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதே கற்சிலைமடுக் கல்லில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்ட செய்தி. அதைக் காட்டி, ‘அந்நாளில் இங்கே தோல்வி நேர்ந்ததாக நினைவுக்கல் கூறுகிறது’ என்று நீங்கள் தாராளமாக எழுதலாம். ‘அன்று இங்கே வீரமரணம் அடைந்தான்’ என்று எழுதி அதே கல்லை மேற்கோள் காட்ட முடியாது, ஏனெனில் மரணத்தைப் பற்றிக் கல் எதுவும் சொல்லவில்லை. மூலச் சான்றிலிருந்து எழுதுபவர் தாமாக ஒரு முடிவை வருவிப்பதைச் ‘சொந்த ஆய்வு’ என்று விக்கிப்பீடியா விலக்கி வைக்கிறது. உங்கள் வரி இடறியதும் அவ்விடத்திலேதான். போதாததற்கு அது வென்றவர் பக்கத்துப் பெருமையைச் சொல்ல நாட்டிய கல். அதை அப்படியே உண்மையென்று எடுத்துக்கொள்வதும் விதிக்குப் பொருந்தாது, யார் சொன்னது என்ற குறிப்போடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் அன்றே இறந்தான் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள், தப்பிச் சென்று பின்னாளில் இறந்தான் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். இப்படி அச்சில் உள்ள நூல்கள் முரண்படும்போது எது சரியெனத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் விக்கிப்பீடியாவில் எந்தப் பயனருக்கும், நிருவாகிக்கும் கூட, இல்லை. இரண்டையும் அவரவர் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு பதிய வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலேய அரசாங்க சேவையாளரான ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் வெளியிட்ட கையேட்டிலிருந்து தொடங்குங்கள். அதுவும் ஆட்சியாளர் பார்வையில் எழுதப்பட்டதே என்றாலும் பதிவேடுகளைப் பார்த்து எழுதப்பட்டது. பிறகு, உங்கள் பெரியவர்கள் சொல்வதைப் பதிந்துள்ள உள்ளூர் நூலோ ஆய்வுக் கட்டுரையோ இருந்தால், ‘என ஊர் மரபு கூறுவதாக இன்னார் எழுதுகிறார்’ என்ற வடிவில் அந்தச் செய்தியும் கட்டுரைக்குள் முறையாக வந்துவிடும். மரபு பொய்யென்று யாரும் சொல்லவில்லை. வாசிப்பவர் ஒருவர் தாமாகத் தேடிச் சரிபார்க்கக்கூடிய இடம் ஒன்றைக் காட்டு என்று மட்டுமே கேட்கிறார்கள். அதற்குத்தான் ‘மெய்யறிதன்மை’ என்று பெயர். எங்கள் ஊரை எங்களைவிட யார் அறிவார் என்று நீங்கள் கேட்பது நியாயந்தான், ஆனால் அதே கேள்வியை உங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொண்டு வரும் முகந்தெரியாத இன்னொருவரும் கேட்க முடியும். அப்போது யாரை நம்புவது?

எச்சரிக்கை வந்தது நீங்கள் எழுதிய பொருளுக்காக அன்று, திரும்பத் திரும்பப் போட்டதற்காக. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மற்றவர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினால், சொல்வது சரியாகவே இருந்தாலும் தடை விழக்கூடும். இப்படி மாறி மாறிப் போடுவதும் நீக்குவதுமான ‘தொகுத்தல் போரை’ தமிழிலும் யாரும் பொறுப்பதில்லை. ஒருமுறை நீக்கப்பட்டதும் கட்டுரையின் உரையாடல் பக்கத்துக்குப் போய், எந்த நூலின் எந்தப் பக்கத்தைக் கொண்டு எந்த வரியைச் சேர்க்க விரும்புகிறீர்கள் என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுச் சில நாள் பொறுத்திருங்கள். அந்தப் பக்கத்தில் நடந்த பேச்சு அழியாமல் இருக்கும். பின்னர் வருபவர்களும் அதைப் பார்த்தே முடிவெடுப்பார்கள்.

புதுக்குடியிருப்பு வாசகி: போரைப் பற்றிய கட்டுரைகளை நடுநிலையாக எழுதவேண்டும் என்கிறார்கள். நாங்கள் அதற்குள்ளே இருந்து வெளியே வந்தவர்கள். எங்களிடம் நடுநிலையை எப்படி எதிர்பார்க்கிறார்கள்?

அம்மா, உங்கள் மனம் நடுநிலையாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. நடுநிலை கட்டுரையின் எழுத்துக்குரியது. எழுதுபவர் எந்தப் பக்கத்தவராகவும் இருக்கலாம், ஆனால் அவர் எழுதிய பத்தியை வாசிப்பவருக்கு அதில் எது நிகழ்ந்த செய்தி, எது யாருடைய கூற்று என்பது தெளிவாகப் பிரிந்து தெரியவேண்டும்.

எடுத்துக்காட்டாக 2009இன் இறுதிக் கட்ட உயிரிழப்பை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுத்துவிட முடியாது என்றது. 2012இல் வெளியான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வுக் குழு அறிக்கை, 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வராதிருப்பதாகக் காட்டும் தகவல்களையும் குறிப்பிட்டது. இலங்கை அரசு இந்த எண்களை ஏற்கவில்லை. கட்டுரையில் ‘40,000 பேர் கொல்லப்பட்டனர்’ என்று வெறுமனே ஒரு வரி எழுதினால் அதை எவரும் எளிதாகத் தாக்கிவிடலாம். எந்தக் குழு, எந்த ஆண்டு, என்ன சொற்களில் சொன்னது, யார் மறுத்தார் என்று எழுதினால் அதை நீக்குவதற்கு நேர்மையான காரணம் எவருக்கும் கிடைக்காது. அந்த வகையில் இவ்விதி உங்களைப் போன்றவர்களுக்குத்தான் கூடுதல் பாதுகாப்பு என்பது என் துணிபு. இன்னொன்றையும் கவனியுங்கள்: இரு தரப்புக்கும் பாதிப் பாதி இடம் பங்கிட்டுக் கொடுப்பது நடுநிலை ஆகாது. நம்பத்தகுந்த வெளியீடுகளில் ஒரு பார்வைக்கு எவ்வளவு எடை இருக்கிறதோ அவ்வளவே கட்டுரையிலும் இருக்க வேண்டும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கைப் போர்க் கட்டுரைகளில் நடந்த மல்லுக்கட்டைத் தணிப்பதற்கென்றே எதிரெதிர் நிலைப்பாடுள்ள பயனர்கள் சேர்ந்து, இலங்கை நல்லிணக்கத்தைப் பெயராகக் கொண்ட ஒரு திட்டக்குழுவை அமைத்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் எனக்குப் பிடித்தது செய்தி மூலங்களைத் தரம்பிரித்தமை. பாதுகாப்பு அமைச்சின் இணையத்தளம், தமிழ்நெற் போன்ற தரப்புச் சார்ந்த மூலங்களை அறவே தள்ளிவிடாமல், யார் சொல்கிறார் என்பதை வரிக்குள்ளேயே வெளிப்படையாகக் குறிப்பிட்டால் பயன்படுத்தலாம் என்று வைத்தார்கள். தமிழில் எழுதும்போதும் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பது நல்லது.

நீங்கள் கண்ணால் கண்டதை நேரடியாகக் கட்டுரையில் எழுத இயலாது. அது எனக்கும் உறுத்துகிற விதிதான். உங்கள் சாட்சியம் ஒரு நூலிலோ, ஆணைக்குழுவின் அறிக்கையிலோ, இதழிலோ வெளியானால் அதை இன்னொருவர் எடுத்தாளலாம். மேலும், தமிழ், சிங்கள, ஆங்கில விக்கிப்பீடியாக்கள் தனித்தனிச் சமூகங்களால் நடத்தப்படுகின்றன, ஒன்றின் முடிவு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. ஒரே நிகழ்வு மூன்றிலும் மூன்று விதமாக இருப்பதைப் பார்த்து நீங்கள் சினந்திருந்தால், அது மேலிருந்து யாரோ வகுத்த சதியென எண்ண வேண்டாம். அந்தந்த மொழியில் எழுத வந்தவர்கள் யார், அவர்கள் கையில் இருந்த நூல்கள் எவை என்பதையே அது காட்டுகிறது.

கிளிநொச்சி வாசகர்: இந்த நிருவாகிகளை நியமிப்பது யார்? சம்பளம் கொடுப்பது யார்? அவர்கள் பிழைவிட்டால் எங்கே முறையிடுவது?

சம்பளம் இல்லை. சில காலம் ஒழுங்காகப் பங்களித்த பயனர் ஒருவரின் பெயர் முன்மொழியப்பட்டு, மற்றப் பயனர்கள் கேள்வி கேட்டு, ஆதரவும் எதிர்ப்பும் தெரிவித்த பிறகே அப்பொறுப்பு வழங்கப்படுகிறது. நிருவாகியிடம் உள்ளவை பக்கத்தை நீக்குதல், பூட்டுதல், பயனரைத் தடைசெய்தல் ஆகிய கருவிகளே. கட்டுரையின் உள்ளடக்கத்தைப் பற்றிய விவாதத்தில் அவருடைய சொல்லுக்கு உங்கள் சொல்லைவிடக் கூடுதல் எடை கிடையாது. தாம் ஒரு தரப்பாக நிற்கும் சண்டையில் அக்கருவிகளை அவர் எடுப்பது முறையன்று.

2003இல் தொடங்கப்பட்டு இன்று சான்பிரான்சிஸ்கோவில் இயங்கும் விக்கிமீடியா அறக்கட்டளை வழங்கிகளையும் பெயர் உரிமையையும் நிதியையும் பார்த்துக்கொள்கிறது. எந்தக் கட்டுரையில் என்ன இருக்கவேண்டும் என்பதில் அது வழக்கமாகத் தலையிடுவதில்லை. ஆகவே ‘தலைமையகத்துக்கு முறைப்பாடு அனுப்புவேன்’ என்று உரையாடல் பக்கத்தில் எழுதுவதால் பயனில்லை. முதலில் அந்த நிருவாகியின் பேச்சுப் பக்கத்தில் காரணம் கேளுங்கள். நிறைவான பதில் வராவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் இடமான ஆலமரத்தடியில் விடயத்தை வையுங்கள். தொந்தரவு, மிரட்டல், தனிமனிதத் தாக்குதல் என்றால் எல்லா மொழிகளுக்கும் பொதுவான நடத்தைக் கோவை ஒன்றும் இருக்கிறது.

நிருவாகிகளே கூட்டுச் சேர்ந்தால் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும். அப்படியும் நடந்திருக்கிறது. குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவைப் பல ஆண்டுகள் தீவிர வலதுசாரிச் சார்புள்ள ஒரு சிறு நிருவாகிக் குழு தன் பிடிக்குள் வைத்திருந்து, மாற்றுக் கருத்துள்ள பயனர்களைத் தடைசெய்து வரலாற்றைத் திரித்தது. அது உடைவதற்குப் பிற மொழிச் சமூகங்களின் தலையீடும் வேண்டியிருந்தது. அறக்கட்டளை அது பற்றிய மதிப்பீட்டறிக்கையை 2021இல் வெளியிட்டது. சிறிய சமூகத்துக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி, 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தொட்டு, இன்று ஒன்றரை இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது என்றாலும், நாள்தோறும் அண்மைய மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கைவிரல் விட்டு எண்ணத்தக்கவர்களே. உங்கள் வரியை நீக்கியவரும், உங்கள் முறைப்பாட்டுக்குப் பதில் எழுதுபவரும், கொள்கைப் பக்கத்தை மொழிபெயர்த்தவரும் ஒருவராகவே இருக்கலாம். இதைக் குறையென்றே சொல்வேன். வன்னியிலிருந்து பத்துப் பேர் தொடர்ந்து எழுத வந்தால் அந்தக் குறை அந்த அளவுக்குக் குறையும்.

அதே சிறிய சமூகம் பெரிய நிறுவனத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றதும் உண்டு. கூகுள் நிறுவனம் 2009, 2010 காலப்பகுதியில் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ், வங்கம் முதலிய மொழி விக்கிப்பீடியாக்களில் கொண்டுவந்து குவித்தபோது, எண்ணிக்கை கூடுகிறதே என்று தமிழ்ப் பயனர்கள் மகிழ்ந்துவிடவில்லை. மொழிநடை, தலைப்புத் தெரிவு, பிழைதிருத்தப் பொறுப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேள்வியெழுப்பி, அதன் குறைகளை 2010ஆம் ஆண்டின் உலக விக்கிமீடியா மாநாட்டிலும் எடுத்துவைத்தார்கள்.

மாங்குளம் ஆசிரியை: எங்கள் பாடசாலையைப் பற்றிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதுவிக்க விரும்புகிறோம். பாடசாலை இணையத்தளத்தில் உள்ள வரலாற்றை அப்படியே போடலாமா?

போட வேண்டாம். உங்கள் பாடசாலையே எழுதியதாக இருந்தாலும், எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டதாக அங்கே குறிப்பில்லையென்றால் அது பதிப்புரிமை மீறலாகக் கருதப்பட்டு முழுப்பக்கமும் நீக்கப்படும். அத்தோடு பாடசாலைத் தளங்களின் நடை பெரும்பாலும் ‘பல கல்விமான்களை ஈன்றெடுத்த கலைக்கோயில்’ என்ற வகையில் இருக்கும், அதைக் கலைக்களஞ்சியம் தாங்காது. சொந்தப் பாடசாலையைப் பற்றி எழுதுவதில் நலமுரண், அதாவது சொந்த நலன் குறுக்கிடும் நிலை, உண்டு என்பதால், தொடங்கும்போதே உரையாடல் பக்கத்தில் நீங்கள் அங்கே கற்பிப்பவர் என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு எழுதுபவரை யாரும் விரட்டுவதில்லை. மறைத்து எழுதிப் பிடிபடுபவர்தான் மதிப்பிழக்கிறார். பணம் பெற்று எழுதுபவர் அதை அறிவிப்பது 2014 முதல் பயன்பாட்டு விதிமுறையிலேயே கட்டாயமாகிவிட்டது.

ஆனால் பிள்ளைகளுக்குச் சொந்தப் பாடசாலை நல்ல முதற்பாடம் ஆகாது. அவர்களை முதலில் ‘மணல்தொட்டி’ என்னும் பயிற்சிப் பக்கத்தில் பழக்கி, பிறகு முத்தையன்கட்டுக் குளம், கனகராயன் ஆறு போன்ற தலைப்புகளில் ஏற்கெனவே உள்ள கட்டுரைகளுக்கு ஒரு மேற்கோள், ஒரு எழுத்துப்பிழைத் திருத்தம் என்று செய்யவிடுங்கள். கணினி அறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே இணைய இணைப்பு முகவரியிலிருந்து (ஐபி) ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் திறக்க முடியாது. வகுப்பு முழுவதற்கும் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு விலக்குப் பெற வேண்டும், இல்லையேல் பிள்ளைகளை வீட்டிலேயே திறந்துகொண்டு வரச் சொல்லலாம். ஒரு கணக்கைப் பலர் பயன்படுத்துவது கூடாது. ஒரே நாளில் முளைத்த பல கணக்குகள் ஒரே கட்டுரையை ஒரே குரலில் ஆதரித்தால், ஒருவரே பல முகமூடி போட்டு வந்திருக்கிறார் என்று ஐயப்படுவார்கள். பிள்ளைகளின் முழுப்பெயர், வகுப்பு, தொலைபேசி எண் எதுவும் பயனர் பக்கத்தில் வரவிடாதீர்கள்.

வவுனியா வாசகர்: நான் எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிய இரணைமடுக் குளத்தின் படத்தை ஒரு வணிக நிறுவனம் நாட்காட்டியில் போட்டுவிட்டது. தடுக்கலாமா?

தடுக்க முடியாது. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் ஏற்றியபோதே வணிகப் பயன்பாட்டுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், அதைத் திரும்பப் பெறவும் இயலாது. உங்கள் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிடாமல் போட்டிருந்தால் அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

முல்லைத்தீவு வாசகர்: எனக்குத் தெரிந்த ஒரு பொதுப்பணியாளரைப் பற்றிய கட்டுரையில் அவர் ஊழல் செய்ததாக யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். சான்று எதுவும் இல்லை. நான் அதை நீக்கினால் தொகுத்தல் போர் என்பார்களா?

உடனே நீக்குங்கள். உயிரோடிருப்பவரைப் பற்றிச் சான்றின்றி எழுதப்பட்ட பாதகமான செய்தியை நீக்குவது, மேலே சொன்ன மூன்று முறை வரம்புக்கு ஆங்கில விக்கிப்பீடியாவிலேயே விலக்களிக்கப்பட்ட செயல். இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சீகன்தாலரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருவர் விளையாட்டாக எழுதிய பொய், ஏறக்குறைய நான்கு மாதங்கள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. அவரே பத்திரிகையில் எழுதி அம்பலப்படுத்திய பிறகுதான், கணக்கில்லாதவர்கள் ஆங்கிலத்தில் புதுக்கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது. வாழும் மனிதர்களைப் பற்றிய தனிக்கொள்கையும் அதைத் தொடர்ந்தே உருப்பெற்றது. நீக்கும்போது தொகுப்புச் சுருக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். திரும்பவும் வந்தால் நிருவாகியிடம் பக்கத்தைப் பூட்டச் சொல்லுங்கள். நல்ல பத்திரிகைச் செய்தியோ நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிய செய்தியோ மேற்கோளாக இருந்தால் மட்டும் கைவைக்காதீர்கள், அவர் உங்களுக்கு வேண்டியவராக இருந்தாலுஞ் சரி.

துணுக்காய் வாசகர்: எங்கள் கிராமத்தைப் பற்றி அச்சில் எதுவுமே இல்லை. இருந்த கடதாசிகளும் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. அச்சிட்ட சான்றுதான் வேண்டும் என்றால் எங்களைப் போன்ற ஊர்கள் விக்கிப்பீடியாவில் வரவே கூடாதா?

வந்த கடிதங்களுள் பதில் சொல்லக் கடினமானது இதுதான். விதி எல்லோருக்கும் ஒன்று. அதன் சுமை எல்லோருக்கும் ஒன்றன்று. நூற்றாண்டுப் பத்திரிகைகளும் ஆவணக் காப்பகங்களும் உள்ள நகரத்துக்கு மேற்கோள் தேடுவது ஒரு பிற்பகல் வேலை. பலமுறை இடம்பெயர்ந்த ஊருக்கு அது பெரும்பாடு. வாய்மொழியை மேற்கோளாக ஏற்கலாமா என்று பார்ப்பதற்கு 2011இல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் ஒரு முயற்சி நடந்தது. ஊர் விளையாட்டு முதலியவற்றைப் பற்றி மக்களிடம் கேட்டுப் பதிந்த ஒலிப்பதிவுகளைக் கட்டுரைகளில் இணைத்தார்கள். அது பொதுவிதியாக வளரவில்லை. ஒலிப்பதிவைச் சரிபார்ப்பது யார், முரண்பட்டால் எந்தப் பதிவை நம்புவது என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை. எனவே விதியைத் தளர்த்தும்படி வாதாடுவதைவிட, சான்றை நாமே உண்டாக்கி முறையாக வெளியிடுவதே நடக்கக்கூடிய காரியம் என நினைக்கிறேன்.

முதலில், உண்மையிலேயே எதுவும் இல்லையா என்று பாருங்கள். பிரதேச செயலகங்களின் புள்ளிவிவரக் கைந்நூல்கள் ஊரின் மக்கள்தொகை, குளங்கள், பாடசாலைகள் ஆகியவற்றுக்குச் சான்றாகும். 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்னும் இணைய நூற்றொகுப்புத் திட்டத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் பாடசாலை மலர்களும் கோயில் மலர்களும் ஏராளமாகக் கிடக்கின்றன. ஊர்ப்பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்கள் கேட்டுப் பெறும் கடிதம் உங்கள் கையில் இருக்கும் வரை மேற்கோளாகாது; அதைக் கொண்டு ஒரு பத்திரிகையோ இதழோ செய்தி வெளியிட்டால் அச்செய்தி மேற்கோளாகும்.

அடுத்தது, கோயில் கும்பாபிஷேகத்துக்கோ பாடசாலை ஆண்டு நிறைவுக்கோ மலர் போடும்போது வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் கொஞ்சத்தைக் குறைத்து, ஊரின் முதியவர்களிடம் கேட்டெழுதிய கட்டுரைகளைச் சேருங்கள். ஒவ்வொன்றிலும் சொன்னவர் யார், அவருக்கு அப்போது என்ன வயது, எந்த நாளில் யார் கேட்டுப் பதிந்தார் என்பவை இருக்கட்டும். சொந்தக் கதையை ஊரே அச்சிட்டதென்று எடைபோடத்தான் செய்வார்கள், ஆனாலும் ‘ஊர் மரபு’ என்ற குறிப்போடு எடுத்தாள அது போதும். நம்மூர் மலர்கள் பலவற்றில் அட்டையில் அதிபர் படம் இருக்கும், உள்ளே பதிப்பாண்டு இருக்காது, பக்க எண்ணும் இராது. அப்படிப்பட்ட மலரை வைத்துக்கொண்டு மேற்கோள் எழுதவே முடியாது. ஆண்டு, வெளியிட்ட சங்கத்தின் பெயர், அச்சகத்தின் பெயர், பக்க எண் ஆகிய நான்கையும் அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்து, முடிந்தால் தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் எண்ணும் பெற்று, வெளிவந்ததும் ஒரு பிரதியை நூலகம் திட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள்.